உன் அட்டையில் பிழை இல்லை

என் ராசாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னதற்கு என் பதில் இது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபீசில் இதைப் பிரித்திருந்தால் மூடி வைத்துவிடு. அறைக்குப் போய், சாப்பிட்டு முடித்த பிறகு படி.

அன்றைக்கு என் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார் என்று சொன்னேன் அல்லவா, அவர் பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டிலேயே பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறவர். அவர் மனைவிக்கு நாற்பது வயதுகூட இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். உன் நைனாவுக்கு வந்த அதே வியாதி. மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்து, கை கால் வாய் எல்லாம் போய், கண் மட்டும் மிச்சம். "டீச்சரம்மா, கண்ணை மட்டும் தொறந்து தொறந்து மூடிகினு கீறா. இன்னா சொல்றான்னே தெரியலை. உங்க பையன் கண்ணைப் படிக்கிறதுக்கு ஒரு அட்டை செஞ்சார்னு ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கிற தம்பி சொன்னாரு" என்றார். நான் உடனே உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நீ சொன்னாய்: "அந்த அட்டையைக் குடுக்காதம்மா. கடைசியில அது தப்புத் தப்பாக் காட்டும். நைனாவுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்த இல்ல? அவங்களாவது நம்பி ஏமாற வேணாம்." அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். "பரவால்லீங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. 

உன் நைனா போய் ஐந்து வருடம் ஆகிறது. இந்த ஐந்து வருடமும் நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் படத்தையும் குரலையும் சுருக்கி அனுப்புகிற வேலையை எவ்வளவு ஆசையாகச் செய்தாய். அவர் போன மறு மாதமே அதை விட்டு வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டாய். ஏன் என்று கேட்டபோது அலுத்துவிட்டது என்றாய். அலுப்பு இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். இப்போது சொல்கிறேன். உன் அட்டையில் பிழை இல்லை. அது ஒரு எழுத்துகூடத் தவறாகக் காட்டவில்லை. பிழை என்னுடையது. அது என்ன என்பதை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன், இடையில் நிறுத்தாமல் படி.

உன் அத்தைக்கும் எனக்கும் பேச்சு நின்றது ஏன் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஆர்.கே.பேட்டையிலிருந்து தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தாள். தம்பி மகனுக்குத் தன் மகளைக் கேட்க வந்தாள். முறைதான். பிடிக்கவில்லை என்றால் பக்குவமாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. "பத்தாவதுகூடத் தாண்டாம தறி ஓட்டற பொண்ணை என் புள்ளை தலையில கட்டப் பார்க்கறீங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண்ணும் கூட வந்திருந்தாள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்போடு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. அத்தை தட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனாள்.  அன்று முதல் நம் வீட்டுக்குள் "அக்கா" என்ற சொல்லையே உன் நைனா எடுக்கவில்லை.

ஆனால் அவர் அக்காவை விட்டுவிடவில்லை. அவர் கண்டக்டராகப் போன பஸ் ஆர்.கே.பேட்டை வழியாகப் போகும் பஸ். அங்கே நிற்கும் ஐந்து நிமிடத்தில் அவள் ஸ்டாப்புக்கு வந்து நிற்பாள். அவர் இறங்கிப் பேசுவார். அவர்களுக்குள் எப்போதும் தெலுங்குதான், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி அந்த பஸ்ஸில் வருகிறவள். அவள் ஒருநாள் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் அவங்க அக்காகிட்ட பேசும்போது சிரிக்கிற மாதிரி சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க" என்றாள். வெகுளியாகத்தான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்த முள்ளை நான் எடுக்கவில்லை, வைத்துக்கொண்டேன்.

அவர் ரிட்டயராகி அடுத்த வருடம் விழுந்தார். சென்னை ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் மாற்றி மாற்றி இருந்தோம். நீ குளிக்கப் போயிருந்த ஒரு காலையில் உன் அத்தை வந்தாள். விடியலிலேயே ரயில் ஏறி வந்திருக்கிறாள். கையில் எவர்சில்வர் டப்பா, அதில் வேர்க்கடலை உருண்டை. மூக்கில் குழாய் போட்ட மனுஷனுக்கு வேர்க்கடலை உருண்டை. அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வார்டு வாசலை மறித்துக்கொண்டு, "டாக்டர் யாரையும் பார்க்க விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்றேன். எனக்குப் பின்னால் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டப்பாவை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நீ திரும்பி வந்து அந்த டப்பா ஏது என்று கேட்டாய். பக்கத்துக் கட்டில்காரர்கள் கொடுத்தார்கள் என்றேன். முதல் பொய் அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அதையெல்லாம் நீ தோல்வி என்று நினைத்து மறக்கப் பார்க்கிறாய். முதலில் நீ எழுத்துகளை வரிசையாகச் சொன்னாய், வேண்டிய எழுத்து வந்ததும் அவர் மேலே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் "ஆங்" என்று அர்த்தம். உயிரெழுத்து முழுக்கச் சொல்லி, மெய்யெழுத்து முழுக்கச் சொல்லி, ஒரு வார்த்தை முடிவதற்குள் அரை மணி நேரம் போனது. அவர் களைத்துக் கண்ணீர் விட்டார். நீ பெங்களூருக்குப் போய் அடுத்த வாரம் கத்திரித்த காகிதச் சீட்டுகளோடு வந்தாய். அவர் உனக்கு அனுப்பியிருந்த குரல் செய்திகளையெல்லாம் கேட்டு எழுதி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் கொண்டுவந்திருந்தாய். சீட்டுக்கு ஒரு எழுத்தும் அதன் எண்ணிக்கையுமாக எழுதி, சமையலறைத் தரையில் பரப்பினாய். "ரொம்பக் கொஞ்சமா வர்ற ரெண்டு சீட்டை எடுத்து ஒண்ணாக் கட்டும்மா. அது இனிமே ஒரே சீட்டு. மறுபடியும் இருக்கறதுலயே கொஞ்சமா வர்ற ரெண்டை எடு, கட்டு." ஔ, ங் இரண்டையும் முதலில் கட்டினோம். கட்டிக்கொண்டே வந்து கடைசியில் எல்லாம் ஒரே கட்டானது. பிறகு அதைப் பிரித்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பக்கம் போனால் சட்டென்று ஒரு சிமிட்டல், மறுபக்கம் போனால் கண்ணை மூடி வைத்துத் திறப்பது. நான் தமிழ் டீச்சர் இல்லையா, சிமிட்டலுக்குக் குறில், மூடி வைப்பதற்கு நெடில் என்று பெயர் வைத்தேன். நீ சிரித்தாய். முதலில் கட்டின சீட்டு கடைசியில்தான் பிரிந்தது, அதனால் அரிய எழுத்துக்கு நீளமான குறி. கடைசியில் கட்டின சீட்டு சீக்கிரம் பிரிந்தது, அதனால் அடிக்கடி வரும் எழுத்துக்குச் சின்னக் குறி. எல்லாக் குறிகளையும் நீ ஒரு அட்டையில் எழுதினாய்.

"ஒரு எழுத்து முடிஞ்சது, அடுத்தது ஆரம்பிக்குதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன். "ஒரு எழுத்தோட குறி இன்னொரு எழுத்தோட ஆரம்பமா வராதும்மா. அட்டையைப் பார்த்துகினே வா, குறி முடியற இடத்துல எழுத்தும் தானா முடிஞ்சுடும். நடுவுல நிறுத்தம் வேணாம். நைனாவுக்கு அத்தனை சிமிட்டல் மிச்சம்." "நான் ஒண்ணைத் தவற விட்டுட்டா?" "அதுக்கு அப்புறம் வர்றது எல்லாம் புரண்டுடும். சந்தேகம் வந்தா முதல்ல இருந்து கேளு." இன்னொன்றும் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. எப்போதோ ஒருமுறை வருகிற வார்த்தைதான் ரொம்ப முக்கியமானதாக இருந்தால் என்ன செய்வது என்றேன். நீ கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாய். "கணக்குக்கு எது முக்கியம்னு தெரியாதும்மா. எத்தனை தடவை வருதுன்னுதான் தெரியும். முக்கியமானதை நாமதான் சொல்லிக் குடுக்கணும். நைனா அதிகமாச் சொல்ற வார்த்தை, சொல்ல ஆசைப்படற வார்த்தை எல்லாம் எழுதிக் குடு. அதுக்குத் தனியாச் சின்னக் குறி வெச்சிடலாம்."

எழுதிக் கொடுத்தேன். தண்ணி, வலி, திருப்பிப் படுக்கவை, வேணாம், சாப்ட்டியா, ஃபேன், மாத்திரை, உன் பெயர், என் பெயர். சிரிப்புக்காக "போலாம் ரைட்" என்றுகூட எழுதினேன். "அக்கா" என்பது பேனா முனைவரை வந்தது. எழுதவில்லை. இந்த வீட்டில் அவர் அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனையோ வருடம் ஆயிற்றே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். சொல்ல விடாமல் செய்தவளே நான்தான். நீ அந்தப் பட்டியலை நம்பினாய். அதிலிருந்து நாலு வார்த்தையைப் பொறுக்கிக் குறிலில் தொடங்க வைத்தாய். தண்ணிக்கு இரண்டே குறில். குழாயில்தான் எல்லாம் இறங்குகிறது, ஆனாலும் உதட்டில் ஈரப் பஞ்சு வைத்தால் அவருக்கு அவ்வளவு நிம்மதி. வேணாம் என்பதற்கு ஒரு குறில், மூன்று நெடில். எழுத்துகள் எல்லாம் நெடிலில் தொடங்கும்.

அவர் முதன்முதலாக எழுத்துக் கூட்டிச் சொன்னது என்ன, சொல் பார்ப்போம்? "மீசை எங்கே." ஆஸ்பத்திரியில் மீசையை மழித்துவிட்டிருந்தார்கள். அத்தனை நாளும் அவருக்கு அந்தக் கவலை. நீ அட்டையைப் போட்டுவிட்டு அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாய், சிரிப்பிலேயே அழுதாய். அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் நம்மோடு பேசினார். உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். நான் இளைத்துவிட்டேன் என்றார். அந்த நாலு மாதத்தை உன் அட்டைதான் கொடுத்தது. அதை மறக்காதே.

ஆடிக் கிருத்திகை வந்தது. நம் தெரு உனக்குத் தெரியும். முந்தின நாள் பரணி அன்றைக்கே ஆந்திரா பஸ்களும் காவடிகளும் மேளமும் வந்து அடைத்துக்கொள்ளும். உன் அத்தை வருடம் தவறாமல் பூக்காவடி எடுக்கிறவள், முந்தின நாளே வந்து சத்திரத்தில் தங்குகிறவள். நம் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அது அவருக்குத் தெரியும். அந்த வருடம் பரணி அன்று காலையிலிருந்தே தெருவில் அரோகரா சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கண் மேலே போனது. நான் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நெடிலில் தொடங்கினார். அ. க். க். அ. ன். இ. கொஞ்ச நேரம் கண்ணை மூடி இளைப்பாறினார். பிறகு ப். இ. ல். உ. வ். உ. அக்கனி பிலுவு. இந்த எல்லையோர ஊரில் இத்தனை வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இந்தத் தெலுங்கு தெரியாதா? அக்காவைக் கூப்பிடு. அவ்வளவுதான். நான் நோட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்து, "ஒண்ணும் புரியலைங்களே" என்றேன்.

எனக்குத் தெலுங்கு பிடிபடவில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மறுநாள் கிருத்திகை. மத்தியான வெயிலில் தெரு முழுக்கக் காவடி போய்க்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் தொடங்கினார், இந்த முறை தமிழில். அக்காவைக் கூப்பிடு. அவ்வளவையும் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு சிமிட்டலாக. இமை நடுங்கியது, காதோரம் கண்ணீர் வழிந்தது. நடுவில் இரண்டு முறை தூங்கி விழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஒரு எழுத்து புரளவில்லை. முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்போது கதவைத் திறந்து யாரையாவது சத்திரத்துக்கு அனுப்பியிருந்தால், கால் மணி நேரத்தில் அவள் வந்திருப்பாள். ஏன் செய்யவில்லை என்று ஐந்து வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். அவளைப் பார்த்தால் அவர் கண் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும், என்னைப் பார்த்து அப்படி மலர்ந்ததில்லை. இதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, ராசா. இவ்வளவு சின்னக் காரணம்தான். "கண்ணு சரியா மூடலைங்க. எழுத்தெல்லாம் புரண்டு போச்சு" என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அடுத்த நாள் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. சனிக்கிழமை நீ வந்தாய். வந்ததும் நோட்டைக் கேட்டாய். மூன்று நாளாக ஏதோ சிமிட்டுகிறார், ஒன்றும் சேரவில்லை, அவருக்குக் கலங்கிவிட்டது போலிருக்கிறது என்றேன். நீ அவர் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்து, "நைனா, இன்னா சொல்லணும்? மெதுவாச் சொல்லு. நான் கீறேன் இல்ல" என்றாய். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவர் உன்னைப் பார்க்கவில்லை. உன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். அவர் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு குறில், மூன்று நெடில். வேணாம். அவ்வளவுதான் சொன்னார். அவர் களைத்துவிட்டார் என்று நீ நினைத்தாய். இல்லை. பிள்ளைக்கு முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தண்ணியைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி, அடுத்த வாரமே போய்விட்டார்.

அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நான் எழுத்துக்கு எழுத்து ஒரு நிறுத்தக் குறி வெச்சிருக்கணும்மா. சுருக்கணும் சுருக்கணும்னு அதை எடுத்துட்டேன். எங்கேயோ ஒண்ணு விட்டுப் போய் எல்லாமே புரண்டுடுச்சு. நைனா கடைசியா என்னவோ சொல்லியிருக்காரு, அது நமக்குக் கிடைக்கலை." நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். சாவு வீட்டில் உன் அத்தை அவர் காலடியில் விழுந்து, "என்னைக் கேட்டானா? ஒரு வாட்டியாச்சும் கேட்டானா?" என்று என்னைக் கேட்டாள். "கடைசியில பேச்சே இல்லைங்க" என்றேன். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன் தப்பு என்று சொல்லி அழுதாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவருக்குச் செய்ததைவிட உனக்குச் செய்ததுதான் பெரிது. அவருக்குச் செய்தது மூன்று நாள். உனக்குச் செய்தது ஐந்து வருடம்.

பொதட்டூர்பேட்டைக்காரர் போன மறுநாள் காலையில் நான் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டைக்குப் போனேன். அத்தை வீட்டில் இப்போது நாலு தறி ஓடுகிறது, அந்தப் பெண்தான் பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அதை எடுக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு எடுக்கலாம் என்று இருந்தேன். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. தறிச் சத்தத்தில் நான் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, இப்படிப்பட்டதை உரக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "எந்த பாஷையில கேட்டான்?" என்றாள். முதல் நாள் தெலுங்கில், மறுநாள் தமிழில் என்றேன். அவள் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். "என்னை அவன் தமிழ்ல கூப்பிட்டதே இல்லை. உனக்குப் புரியட்டும்னு மாத்திச் சொல்லியிருக்கான்" என்றாள்.

நான் அவள் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "சாவு வீட்ல என் கையைப் புடிச்சிகினு என் தப்பு அத்தை, என் தப்பு அத்தைன்னு அழுதான். அஞ்சு வருசமா அதைத் தூக்கிகினு திரியறானா? மொதல்ல அவனுக்குச் சொல்லு, போ. அப்புறம் என்கிட்ட வா. வந்தா இன்னா சொல்வேன்னு எனக்கே தெரியாது." அந்தப் பெண் என்னை பஸ் ஸ்டாப்புவரை கொண்டுவந்து விட்டாள்.  பஸ் வந்ததும், "மாமா எங்கிட்ட பேசும்போது உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் சொன்னதில்லைங்க" என்றாள். என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாளா, சுடுவதற்குச் சொன்னாளா தெரியவில்லை. இரண்டும் நடந்தது.

வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அட்டையை எடுத்தேன். நீ கொடுக்காதே என்று சொன்னதை மீறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த ஊரில் லுங்கிக்காரர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது லேசு இல்லை, மொத்த ஊரும் லுங்கிக்காரர்கள். கடைசியில் கண்ணசைக்கிற அம்மா வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். ஒரே நீளமான கூடம். ஒரு பக்கம் தறி, மறுபக்கம் அவள் கட்டில். அவர் அவளைத் தறிக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார். "கல்யாணம் ஆனதுல இருந்து ரெண்டு பேரும் இந்தத் தறியிலதாங்க கிடந்தோம். சத்தம் கேட்டுகினு இருந்தா அவளுக்கு ஆறுதலா இருக்கும்" என்று சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். நான் அவள் கண்ணுக்கு நேராக அட்டையைப் பிடித்து, உன்னிடம் நான் கற்றுக்கொண்ட அதே மாதிரி குறிலையும் நெடிலையும் சொல்லிக் கொடுத்தேன். எட்டாவது படித்தவள். கெட்டிக்காரி. முதல் நாள் தன் பெயரைச் சொன்னாள். இரண்டாம் நாள் பிள்ளைகள் பெயரைச் சொன்னாள், நடுவில் நான் ஒரு சிமிட்டலைத் தவற விட்டேன். நீ சொன்னபடியே எல்லாம் புரண்டது. முதலிலிருந்து கேட்டேன், வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அங்கேயே உட்கார்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பயந்துபோய் என்ன என்று கேட்டார்.

மூன்றாம் நாள், அதாவது நேற்று, அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு என்ன சொல்லணுமோ சொல்லும்மா என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே தொடங்கினாள். இந்த ஆறு மாதமும் தயாராக வைத்திருந்தது போல. நான் எழுதிக்கொண்டே வந்தேன், அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே வந்தார். த். அ. ற். இ. "தறி" என்று அவர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, தறியைப் பத்திதான் கேட்கறா" என்றார். அவள் நிறுத்தவில்லை. மீதி எழுத்துகளும் வந்து முடிந்தன. தறிய நிறுத்து. அவர் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு போய் ஸ்விட்சை அணைத்தார். அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி. தெருவில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஆறு மாதமாக அவள் தலைக்குப் பக்கத்தில் பகலெல்லாம் அந்த இடி இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் கண்ணை மூடினாள், குறியாக இல்லை, சும்மா மூடிக்கொண்டாள். அவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "தெரியலையேம்மா, எனக்குத் தெரியலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை.

அந்த அட்டை உன் நைனாவின் பேச்சுக்கு அளவெடுத்து வெட்டியது. அவளுக்கு அது கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, சில எழுத்துக்கு அவள் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறாள். அவளுக்கென்று புதிதாக எண்ணி ஒன்று செய்ய வேண்டும், அது உன்னால்தான் முடியும். வரும்போது பட்டியலை அவள் புருஷனிடம் கேட்காதே, பிள்ளைகளிடமும் கேட்காதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அவளிடமே கேள்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. நீ என்னோடு பேசாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தால் இரு, அதற்கு உனக்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் அத்தையிடம் ஒருமுறை போ. உன் நைனா அவளைக் கூப்பிடச் சொன்னதை அவள் என் வாயால் கேட்டுவிட்டாள், உன் வாயாலும் ஒருமுறை கேட்கட்டும். தெலுங்கில் சொல். சனிக்கிழமை அந்தப் பொதட்டூர்பேட்டை வீட்டுக்கு நீ வருவாய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். நம் வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கே போய்விடு. பஸ் ஸ்டாண்டில் கேட்டால் வண்டி கிடைக்கும். அவளுக்கு ஏதோ பெரிதாகச் சொல்ல இருக்கிறதாம், அது உனக்காகக் காத்திருக்கிறது.

உன் அம்மா
திருத்தணி